நான்கெல்லை இல்லாத வீடு

திருநெல்வேலிச் சீமையில் ஒரு வீடு கைமாறும்பொழுது எழுதப்பெறும் கிரயப் பத்திரத்தில் சக்குபந்தி என்றொரு பகுதி உண்டு. இன்னார் வீட்டுச் சுவருக்குக் கிழக்கு, இன்ன தெருவுக்கு வடக்கு என நான்கெல்லையும் கூறி, அவற்றுக்குட்பட்ட மனை, கட்டடம், கதவு நிலை, கிணற்றுப் பங்கு யாவும் விற்கப்பட்டன என்று அது விவரிக்கும். வீடுகள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்றாலும், இடையிலுள்ள சுவர் பொதுச்சுவரா தனிச்சுவரா என்பது வரை பத்திரமே சொல்லிவிடும்.

அத்தகைய தெருக்களிலிருந்து புறப்பட்டுப் பம்பாய் சேர்ந்த நம்மவர், மாஹிமிலும் மாதுங்காவிலும் அதேபோல ஒட்டி நின்ற வரிசைக் குடியிருப்புகளைக் கண்டனர். அவற்றுக்குச் 'சால்' என்று பெயர். ஆனால் அங்கே ஓர் அறை 'விலைக்கு' வந்தபொழுது, பணம் கொடுத்தவர் கைக்கு வந்தது கிரயப் பத்திரம் அன்று. மாதாந்திர வாடகை ரசீது. மனைவியின் நகையை அடகு வைத்தும் ஊர் நிலத்தை விற்றும் ஈட்டிய தொகைக்கு இந்த ரசீதுதான் பதிலா என்று முதலில் வந்தவர்கள் திகைத்திருப்பார்கள். அந்த ரசீதின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

மாஹிம் மிகப் பழைய கடற்கரை ஊர். பம்பாயாக இணைந்த ஏழு தீவுகளுள் ஒன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பீமதேவன் என்னும் அரசன் இங்கே வந்து மகிகாவதி என்ற தலைநகரை அமைத்தான் என்பது மராத்தி மரபு. மகதூம் அலி மாஹிமி (1372–1431) என்னும் இஸ்லாமியப் பேரறிஞரின் தர்காவும், புதன்கிழமைதோறும் சமய வேறுபாடின்றி மக்கள் திரளும் புனித மைக்கேல் ஆலயமும் இவ்வூரின் இரு கண்கள்.

1661ஆம் ஆண்டின் திருமண உடன்படிக்கையின்படி, இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்குப் போர்ச்சுக்கல் இளவரசி காதரின் கொண்டுவந்த சீதனத்துள் பம்பாயும் ஒன்று. மாஹிம் அச்சீதனத்தில் அடங்குமா அடங்காதா என்று இரு தரப்பாரும் வழக்காடியது தனிக்கதை. 1668இல் அம்மன்னர் இத்தீவுகளை ஆண்டுக்குப் பத்துப் பவுன் பொன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்தார். சீதனமாக வந்து வாடகைக்குப் போன ஊர் என்று இதனைச் சொல்லலாம்! பின்னாளில் இங்கே குடியேறியோர்க்கெல்லாம் வாடகை ரசீதே மூலப்பத்திரம் ஆனதில் வியப்பென்ன?

மாஹிமையும் பாந்திராவையும் பிரித்து நின்ற கழிமுகத்தின் மேல் சாலை அமைந்தது 1845இல். லேடி ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் அதற்கென 1,57,000 ரூபாய் வழங்கினார். செல்வோரிடம் சுங்கம் வசூலிக்கலாகாது என்பது அவர் விதித்த நிபந்தனை.

பஞ்சாலைகள் பெருகியபொழுது தொழிலாளர்க்கென எழுந்தவையே சால்கள். நீண்ட பொது நடை, அதனை ஒட்டி வரிசையாக ஒற்றை அறைகள், கோடியில் பொதுக் கழிப்பிடம். 1896இல் பிளேக் நோய் பரவியதும் நெருக்கமான குடியிருப்புகளே காரணம் என்று கருதிய அரசு, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட்டை நிறுவியது. தாதர், மாதுங்கா பகுதிகளின் அகன்ற தெருக்கள் அதன் திட்டத்தால் விளைந்தவை. நம்மவருள் அலுவலக வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அப்பக்கம் குடியேறினர்; தோல் பதனிடும் தொழிலை நாடி வந்தவர்கள் மாஹிமுக்குக் கிழக்கே தாராவியில் தங்கினர்.

அறைக்கு மராத்தியில் 'கோலி' என்பர். இத்தீவுகளின் ஆதி மீனவர் 'கோளி' மக்கள். நம் குழந்தைகள் இரண்டையும் ஒன்றாகவே உச்சரிக்கின்றனர். அதனினும் வேடிக்கை 'பகடி' என்னும் சொல். இந்தியிலும் மராத்தியிலும் அது தலைப்பாகையைக் குறிக்கும். குடிபுகுவதற்கு மரியாதையாகக் கொடுக்கும் முன்தொகைக்கும் அதுவே பெயராயிற்று. தமிழிலோ பகடி என்றால் கேலி. பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு உரிமையாளராகாமலேயே நின்றவர்க்குத் தமிழ்ப் பொருளே பொருத்தமாகப் பட்டிருக்கும்.

பகடி தழைத்ததற்குக் காரணம் 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம். 1940 செப்டம்பர் முதல் நாளன்று நிலவிய வாடகையை அது அளவுகோலாக வைத்து உறைய வைத்தது. வாடகை ஏறி ஏழைகள் தெருவுக்கு வராமல் காத்தது அச்சட்டம்; அந்நன்மையை மறுப்பது நன்றியின்மை. ஆயினும் விலைவாசி எத்தனை மடங்கு ஏறினாலும் வாடகை அசையவில்லை. வீட்டுக்காரர் பழுது பார்ப்பதை நிறுத்தினார். மாஹிமின் உப்புக் காற்று இரும்பை அரித்தது. மழை சுண்ணாம்புச் சுவரைக் கரைத்தது. வாடகையில் வராத வருமானம் பகடியாக வந்தது. குடியிருப்பவர் அறையை வேறொருவருக்கு மாற்றுவார். அத்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வீட்டுக்காரர் பெற்றுக்கொண்டு, புதியவர் பெயருக்கு ரசீது மாற்றித் தருவார். இதுவே நடைமுறை. சட்டமோ இதனைக் குற்றம் என்றது. ஆகவே பெருந்தொகை எழுத்தின்றிக் கைமாறியது. ஏமாந்தவர் நீதிமன்றம் ஏறவும் வழியில்லை. கொடுத்த பணத்தைக் காட்ட ஒரு சீட்டும் இல்லை.

1969இல் பழைய கட்டடங்களைப் பழுது பார்க்க வரியுடன் கூடிய தனிச் சட்டம் வந்தது. 1973 பிப்ரவரி முதல் நாளன்று அனுமதியாளராகக் குடியிருந்தவர்களும் வாடகையாளராக ஏற்கப்பட்டனர். உறைந்த வாடகை நியாயமன்று என்று 1997இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்த மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆண்டுக்கு நான்கு விழுக்காடு உயர்வை அனுமதித்ததோடு, பகடி வாங்குவதையும் கொடுப்பதையும் முறையாக்கியது. அரை நூற்றாண்டு இருட்டில் நடந்த வாணிகம் வெளிச்சத்துக்கு வந்தது.

ரசீதின் உண்மையான வலியும் வலிமையும் தெரிவது, அது யார் பெயரில் இருக்கிறதோ அவர் கண் மூடிய பின்னரே. ஊர் வீட்டில் தந்தைக்குப் பின் பிள்ளைகள் அனைவர்க்கும் பங்கு. சாலில் அப்படியன்று. வாடகையாளர் இறக்கும்பொழுது அவரோடு வசித்த குடும்பத்தினர்க்கே உரிமை முதலில் செல்லும். அப்படி ஒருவரும் இல்லாத நிலையிலேயே பிற வாரிசுகளின் பேச்சு எழும். உயில் எழுதி வைக்கலாமே எனின், பம்பாய் வாடகைச் சட்டத்தின் கீழுள்ள வாடகை உரிமையை உயிலால் வழங்க இயலாது என்று 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. செம்பூரில் தனிக்குடித்தனம் போன மூத்தவரும், பாளையங்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட மகளும், அந்த அறைக்காகத் தம் நகையையும் சம்பளத்தையும் தந்தவர்களே ஆயினும், உடனிருந்த தம்பியின் மனத்தை நம்பியே நிற்க வேண்டியிருக்கிறது. இவ்வகை மனத்தாங்கலால் பேச்சற்றுப் போன குடும்பங்கள் நம்மிடையே சில அல்ல. சட்டம் குடியிருப்பைக் காக்கக் கருதியதேயன்றிச் சொத்தைப் பகிர்ந்தளிக்கக் கருதவில்லை. இதனை உணர்ந்தால் உடன்பிறந்தார்மேல் கொள்ளும் சினம் ஓரளவு தணியக்கூடும்.

இரயில் பாதைக்குக் கிழக்கே தாராவியில் ரசீதும் இல்லை. 1976ஆம் ஆண்டின் குடிசைக் கணக்கெடுப்பில் வழங்கிய புகைப்பட அட்டையே பலர்க்கு முதல் ஆவணம். அது தனி நூலுக்குரிய செய்தி.

பழைய சால் இடிக்கப்பட்டுப் புதிய அடுக்ககம் எழும்பொழுதுதான் ரசீதுக்காரரின் நிலை மாறுகிறது. வரி செலுத்தும் பழைய கட்டடங்களுக்குரிய விதியின் கீழ், அவர் விலையின்றி ஒரு வீட்டைச் சொந்தமாகப் பெறுகிறார். குறைந்த அளவு 300 சதுர அடி. அவ்வீட்டுக்கென எழுதும் ஒப்பந்தத்தின் இறுதியில் நிலத்தின் நான்கெல்லையும் வரும். பாட்டனார் காணாத சக்குபந்தியைப் பேரன் காண்கிறான். ஆனால் அந்நாள் வருமுன், கட்டடம் சாயுமோ என்னும் அச்சத்திலும் திருமணச் செலவிலும் அறையைக் குறைந்த பகடிக்கு விட்டுவிட எண்ணுவோர் உளர். அவர்கள் கையெழுத்திடுமுன் ரசீது யார் பெயரில் இருக்கிறது, தந்தை மறைந்த ஆண்டில் ரேஷன் அட்டையில் யார் யார் பெயர் இருந்தது, கட்டடம் எந்த ஆண்டுக்கு முற்பட்டது என்ற மூன்றையும் பார்த்துக்கொள்வது நலம். பழைய ரசீதுகள் பெரும்பாலும் பாட்டியின் டிரங்குப் பெட்டியின் அடியிலேதான் கிடக்கும்.