சீமாட்டிகளை நீக்கிய பிறகு

‘வோல்காவில் படகிழுப்போர்’ ஓவியத்துக்கு விதை விழுந்த இடம் நேவா நதி. 1868 கோடையில் அதை வரைந்த ரஷ்ய ஓவியர் இலியா ரெப்பின், பீட்டர்ஸ்பர்க் கலைக்கழகத்தில் தன்னோடு படித்த சாவித்ஸ்கியுடன் நீராவிப் படகேறிப் படம் வரையப் போனார். கரையெங்கும் கோடை மாளிகைகள். பளிச்சென்று உடுத்திய இளம்பெண்கள், அவர்களைச் சுற்றிச் சிரிப்பும் கும்மாளமும். அந்தப் பக்கமாகப் பழுப்பு நிறத்தில் ஏதோ ஊர்ந்து வந்தது. கிட்ட வந்தபோதுதான் தெரிந்தது, அவர்கள் மனிதர்கள். மார்பில் தோல்வார் மாட்டிக்கொண்டு, கந்தலும் வியர்வையுமாகச் சரக்குப் படகைக் கயிற்றால் இழுத்து வந்தார்கள். மாடு செய்கிற வேலையை மனிதன் செய்வதா என்று ரெப்பின் திகைத்துப்போனார்.

ஊர் திரும்பியதும் ஒரு நீர்வண்ண முன்வரைவு போட்டார். ஒரு பக்கம் சீமாட்டிகள், மறுபக்கம் கந்தலுடை ஆட்கள். 24 வயது மாணவன் வேறு எப்படி யோசிப்பான்? நியாயம் யார் பக்கம் என்று பார்ப்பவனுக்குச் சுட்டுவிரல் நீட்டிச் சொல்லிவிட வேண்டுமே!

அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியவர் ஃபியோதர் வசீலியெவ். நிலக்காட்சி ஓவியர், ரெப்பினைவிட ஆறு வயது இளையவர். இப்படி எதிரும் புதிருமாக நிறுத்துவது வலிந்து செய்தது, படம் இதைவிட எளிமையாக இருக்க வேண்டும், உண்மையான படகிழுப்போரைப் பார்க்க வோல்காவுக்கே போக வேண்டும் என்றார். யோசனை சொன்னதோடு நிற்காமல் பயணத்துக்குப் பணமும் திரட்டினார். 1873-இல் 23 வயதில் காசநோயால் இறந்துபோன அந்த இளைஞருக்கு இந்த ஓவியத்தில் பாதிப் பங்கு உண்டு என்றே நான் சொல்வேன்.

1870 கோடையில் ரெப்பின், அவர் தம்பி, வசீலியெவ், ஓவியர் மக்காரவ் என்று நால்வரும் வோல்காவில் இறங்கிப் போய், சமாராவுக்கு அருகே ஷிரியாயெவோ கிராமத்தில் தங்கினார்கள். காசு கொடுத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து வரைந்தால் தாய்மார்கள் பதறிக்கொண்டு ஓடிவந்தார்கள். பட்டணத்துக்காரன் சும்மா காசு தருவானா, பிள்ளைகளின் ஆன்மாவைச் சாத்தானுக்கு எழுதி வாங்குகிறான் என்று பேச்சு!

அங்கேதான் கானின் கிடைத்தார். ஒருகாலத்தில் பாதிரியார், பிறகு அங்கியைக் களைந்தவர். தலையில் கந்தல்துணி சுற்றி, மார்பில் வாரோடு கயிற்றின் முன்னணியில் நடந்தவர். அந்த முகத்தில் ரெப்பின் ஒரு தத்துவஞானியைக் கண்டார். வரைய உட்காரச் சம்மதம் வாங்கிய பிறகும் ரெப்பினுக்கு நிம்மதியில்லை. படமெடுக்கப் போகிறார்கள் என்றால் நாமெல்லாம் செய்வதைக் கானினும் செய்துவிட்டால்? குளித்து, முடிவெட்டிக்கொண்டு வந்து நின்றால் எல்லாம் போச்சு! நல்லவேளை, கானின் எப்போதும்போலவே வந்தார்.

1873-இல் முடிந்த ஓவியம் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் அகலம். மணற்கரை, மங்கிய வெயில், பதினொரு பேர். முன்னால் மூவர் வாரில் சாய்ந்து உடல் பாரத்தாலேயே இழுக்கிறார்கள். நடுவில் கானின், இழுத்துக்கொண்டே ஏதோ யோசனையில் இருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் ஒருவன் நம்மை முறைக்கிறான். பின்னால் நெட்டையன் ஒருவன் வாயில் புகைக்குழாயோடு வருகிறான். அவன் வார் உண்மையிலேயே இறுக்கமாக இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். வரிசை நடுவே லார்க்கா என்ற சிறுவன் தோளை அறுக்கும் வாரை இழுத்துத் தளர்த்துகிறான். மற்றவர்கள் மண்நிறம், அவன் மட்டும் வெளிறிய உடம்பு. பழகாத மாடு நுகத்தடியில் தலையை உதறுவதுபோல அவன் மட்டும் நிமிர்கிறான். வலப்பக்கம் வெகுதொலைவில் கட்டைவிரல் நகத்தளவு ஒரு நீராவிக் கப்பல் புகைகிறது. இந்த வேலையையே ஒழிக்கப்போகும் இயந்திரத்தை அவ்வளவு சின்னதாக, யாரும் கவனிக்காதபடி வைத்திருக்கிறார். சீமாட்டிகள் எங்குமே இல்லை.

அவர்களை நீக்கியது எவ்வளவு சரி என்பதற்கு நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியே சாட்சி. பத்திரிகையில் செய்தி படித்துவிட்டு, சமூக நீதிக்குச் சீருடை மாட்டிய படமாக இருக்கும் என்று பயந்தபடியே பார்க்கப் போனவர் அவர். படத்தில் ஒருவன்கூடத் தன் துயரத்தைப் பார்க்கச் சொல்லி நம்மிடம் கூவவில்லை என்று மகிழ்ந்து அந்த ஆண்டே எழுதினார்.

அமைச்சர் ஒருவருக்குத்தான் பொறுக்கவில்லை. இந்தப் பழங்காலப் போக்குவரத்தை ஒழிக்க நாங்கள் பாடுபடும்போது அதை வரைந்து ஐரோப்பாவுக்குக் காட்டுவதா என்று ரெப்பினிடமே சீறினாராம். அவரால் அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஜார் மன்னரின் மகன் விளாதிமிர் 3,000 ரூபிள் கொடுத்து ஓவியத்தை வாங்கித் தன் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டியிருந்தார். வருகிறவர்களிடம் இவன் கானின், இவன் பொறுமையில்லாத பையன் என்று அவரே ஒவ்வொரு முகமாகக் காட்டி விளக்குவாராம்.