மன்னார் வாயுவும் பாறைக்குள் வளையும் கிணறுகளும்

2022 இல் வெள்ளவத்தையில் கேஸ் சிலிண்டருக்காக வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற பேசாலை ஐயா ஒருவர் கேட்டார்: "பிள்ளை, எங்கட கடலுக்கடியில வாயு இருக்கெண்டு சொன்னவை. அதை எடுத்தா இந்த வரிசை இருக்காது தானே?" அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. பிறகு தேடி அறிந்ததையே இங்கே எழுதுகிறேன்.

மன்னாரில் இருப்பது என்ன?

1970களில் சோவியத் உதவியுடன் பேசாலையில் துளையிட்டுப் பார்த்தார்கள், பயன் கிடைக்கவில்லை. 2011 இல் கெய்ர்ன் லங்கா நிறுவனம் மன்னார் வளைகுடாவின் ஆழ்கடலில் துளையிட்டது. 'டொராடோ', 'பரகுடா' என்ற இரு கிணறுகளில் இயற்கை வாயு தென்பட்டது. டொராடோவில் கடலின் ஆழம் மட்டும் சுமார் 1,350 மீற்றர். வாயு இருந்தது 3,000 மீற்றருக்கும் கீழே. நிறுவனம் பின்னர் வெளியேறியது. உற்பத்தி தொடங்கவில்லை.

ஷேல் வாயு வேறு

மணற்கல்லின் துளைகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. கிணறு தொட்டால் வாயு தானாகவே வரும். ஷேல் எனும் களிப்பாறையில் அது இறுகச் சிக்கியிருக்கும். நேராக இறங்கும் கிணறு அந்தப் படையைச் சிறிதளவே தொடும். ஆகவே கிணற்றை வளைத்து, படைக்குள்ளேயே கிடையாக ஒன்றிரண்டு கிலோமீற்றர் கொண்டுசெல்கிறார்கள். பிறகு நீர், மணல், இரசாயனங்களை உயர் அழுத்தத்தில் செலுத்திப் பாறையில் வெடிப்புகளை உண்டாக்குகிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் இந்த முறை பெரிதாக வளர்ந்தது.

கண் தெரியாத ஓட்டம்

குறிவைக்கும் பகுதி சில மீற்றர் தடிப்பே இருக்கலாம். படைகள் மடிந்தும் பிளந்தும் கிடக்கும். துளைமுனைக்குப் பின்னாலுள்ள கருவிகள் பாறையின் இயற்கையான காமாக் கதிர்வீச்சை அளக்கின்றன. களிப்பாறையில் அது பொதுவாக அதிகம். அளவீடுகள் துளையிடும் சேற்றுக் குழம்பில் அழுத்தத் துடிப்புகளாக மேலே வருகின்றன. அவற்றை அருகிலுள்ள பழைய கிணற்றின் பதிவோடு ஒப்பிட்டு, மேலே திருப்புவதா கீழே திருப்புவதா என்று முடிவெடுப்பார்கள்.

சிக்கல் பிளவில்தான். அதைக் கடந்ததும் முனை வேறு பாறைக்குள் நிற்கும். படை மேலே ஏறியதா, கீழே இறங்கியதா? கருவி முனைக்குச் சில மீற்றர் பின்னால் இருப்பதால், கடந்துபோன பாதையைப் பார்த்தே வண்டி ஓட்டுவது போன்ற நிலை. கணிப்புப் பிழைத்தால் நூற்றுக்கணக்கான மீற்றர் வீணாகும்.

நாம் ஏன் அறியவேண்டும்?

காவிரி வடிநிலம் தமிழகத்தோடு முடிவதில்லை. பாக்கு நீரிணையின் கீழாக எங்கள் வடக்கு வரை நீள்கிறது. அங்கே 2017 இல் நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராடினார்கள். 2020 இல் டெல்டாவைப் பாதுகாக்கச் சட்டம் வந்தது. யாழ்ப்பாணம் குடிப்பது சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரை. அதன் வெடிப்புகளில் கலந்த கழிவு எங்கே போகும் என்பதைச் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது கண்டோம்.

ஐயாவுக்கு இன்று சொல்வேன்: இயற்கை வாயு பெரும்பாலும் மெதேன், சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். அது மின்நிலையத்துக்குப் போகலாம், நேரே உங்கள் அடுப்புக்கு வராது. நாளை யாரேனும் துளையிட வந்தால், எந்தப் பாறை, கழிவுநீர் எங்கே போகும், மீன்பிடி என்னவாகும், வருமானம் யாருக்கு என்ற நான்கையும் முதலே கேளுங்கள்.