40 வயதிலேயே 'முதுமைத் தளர்ச்சி'யா? எம்.எஸ். நோயாளிகள் கவனிக்க வேண்டிய 'உடல் நலிவு'

மாடிப்படி ஏறினால் கால் தளர்கிறது. தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. சாதாரணக் காய்ச்சல் வந்தால்கூட தேறி எழ இரண்டு வாரம் ஆகிறது. எழுபது வயதுக்காரர் இதைச் சொன்னால் 'வயசாயிடுச்சு, அப்படித்தான்' என்பார்கள். மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் (எம்.எஸ்.) உள்ள நாற்பது வயதுக்காரர் சொன்னால், 'எல்லாம் அந்த நோயாலதான்' என்று விட்டுவிடுவார்கள்.

உண்மையில் எல்லாமே அந்த நோயால்தானா? 'உடல் நலிவு' என்ற தனிப் பிரச்னையும் அதோடு சேர்ந்திருக்கலாம். சேதமடைந்த நரம்பை மீட்பது கடினம். ஆனால் நலிவை ஓரளவு மாற்ற முடியும். அதனால்தான் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியமாகிறது.

எம்.எஸ். என்றால் என்ன?

மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றில் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற உறை இருக்கிறது. மின்கம்பிக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை மாதிரி. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே இந்த உறையைத் தாக்கும் நோய்தான் எம்.எஸ். பார்வை மங்குதல், மரத்துப்போதல், தள்ளாட்டம், கடும் சோர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் கண்டறியப்படுகிறது. பெண்களிடம் அதிகம். உலகம் முழுவதும் சுமார் 29 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்கிறார்கள்.

உடல் நலிவு என்றால் என்ன?

உடலின் கையிருப்பு பலம் குறைந்துபோவதுதான் நலிவு. கையில் சேமிப்பு இல்லாத குடும்பம் சின்னச் செலவு வந்தாலும் தடுமாறும் இல்லையா? அதேபோல, ஒரு சளி, ஒரு சறுக்கல், ஒரு சின்ன அறுவை சிகிச்சைகூட நலிந்த உடலைப் படுக்கையில் தள்ளிவிடும்.

அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரைட் குழுவினர் 2001-ல் இதற்கு 5 அடையாளங்களை வகுத்தனர்:

• முயற்சி செய்யாமலே உடல் எடை குறைதல்
• அடிக்கடி களைத்துப்போதல்
• கைப்பிடி பலம் குறைதல்
• நடை வேகம் குறைதல்
• உடல் இயக்கம் குறைதல்

இவற்றில் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நலிவு. ஒன்று அல்லது இரண்டு இருந்தால் அதற்கு முந்தைய நிலை.

எம்.எஸ். விஷயத்தில் என்ன சிக்கல்?

களைப்பு, மெதுவான நடை, கை பலவீனம் ஆகியவை எம்.எஸ். நோயின் நேரடி அறிகுறிகளாகவும் இருக்கலாம். நலிவே இல்லாதவரும் இந்தக் கணக்கில் நலிந்தவராகத் தெரியக்கூடும்.

இதனால் கனடாவின் கென்னத் ராக்வுட், அர்னால்ட் மிட்னிட்ஸ்கி உருவாக்கிய 'நலிவுக் குறியீடு' முறையையும் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், தூக்கமின்மை, ஞாபகக் குறைவு என உடல்நலக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, ஒருவருக்கு எத்தனை இருக்கின்றன என்று எண்ணும் முறை இது. 40 குறைபாடுகளில் 10 இருந்தால் குறியீடு 0.25. இப்படிக் கணக்கிட்டபோது, அதே வயதுள்ள மற்றவர்களைவிட எம்.எஸ். உள்ளவர்களிடம் நலிவு அதிகம் எனத் தெரியவந்துள்ளது.

இளம் வயதிலேயே வருவது ஏன்?

விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நடை குறைகிறது. நடை குறைந்தால் தசை கரைகிறது. தசை கரைந்தால் விழும் ஆபத்து இன்னும் கூடுகிறது. மனச்சோர்வு, சரியாகச் சாப்பிடாதது, பல மருந்துகளைச் சேர்த்து எடுப்பது, அடிக்கடி எடுக்கும் ஸ்டீராய்டால் எலும்பு பலவீனமாவது எல்லாம் இதோடு சேர்கின்றன.

வீட்டார் காட்டும் பாசத்துக்கும் இதில் பங்கு உண்டு. 'நீ உட்காரு, நான் பாத்துக்கறேன்' என்று ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட எடுக்கவிடாமல் செய்தால், மிச்சமிருக்கும் பலமும் போய்விடும். எம்.எஸ். உள்ளவர்களை ஓய்வெடுக்கச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. இன்று மருத்துவம் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது.

என்ன செய்யலாம்?

• தசைக்குப் பலம் தரும் பயிற்சிகளையும், தடுமாறாமல் நிற்கும் பயிற்சிகளையும் ஃபிசியோதெரபிஸ்ட் வழிகாட்டுதலில் தொடங்கலாம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யும் பயிற்சிகளும் உண்டு.
• உடல் சூடானால் எம்.எஸ். அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும். அதனால் நம்மூர் வெயிலில் பயிற்சி வேண்டாம். அதிகாலையோ, மின்விசிறிக்குக் கீழேயோ செய்யலாம்.
• பருப்பு, முட்டை, மீன், பால் என புரதம் சேர்ந்த உணவு தேவை. எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்பது நல்லது.
• வைட்டமின் டி, எலும்பு அடர்த்தி, மருந்துப் பட்டியல் மூன்றையும் மருத்துவரிடம் காட்டிச் சரிபார்க்கலாம்.
• குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை இருந்தால் பயம் குறையும், நடமாட்டம் கூடும்.

எப்போது உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

நலிவு மெதுவாக வருவது. திடீரென ஒரு கால் பலவீனமானாலோ, பார்வை மங்கினாலோ, புதிய அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ அது நோயின் புதிய தாக்குதலாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று போன்றவையும் அறிகுறிகளைத் தீவிரமாக்கும். இரண்டுக்குமே தாமதம் கூடாது.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது 'நோய் எப்படி இருக்கு?' என்பதோடு, 'என் உடம்புல பலம் எவ்வளவு இருக்கு?' என்றும் கேட்கலாம். கைப்பிடி பலத்தையும் நடை வேகத்தையும் அளந்து பார்க்கச் சில நிமிடங்களே போதும்.