தபால்காரரும் டெக்சாஸ் சட்டக் கல்லூரியும்

1946 பிப்ரவரியில் ஹூஸ்டன் நகரத் தபால்காரர் ஒருவர், ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் சேர விண்ணப்பம் போட்டார். பெயர் ஹீமன் மேரியன் ஸ்வெட். வயது 33, பட்டதாரி. அவருக்குத் தகுதி இல்லை என்று பல்கலைக்கழகம்கூடச் சொல்லவில்லை. ஒரே தடை, அவர் கறுப்பர்.

(அப்போதைய பல்கலைக்கழகத் தலைவர் பெயிண்டர் ஒரு மரபியல் விஞ்ஞானி. மனித குரோமோசோம்கள் 48 என்று அவர் எண்ணிச் சொன்னதை உலகமே முப்பது வருடங்களுக்கு மேல் நம்பியது. உண்மையில் 46 என்பது 1956ல்தான் தெரிந்தது. மனிதர்களைக் கணக்கெடுப்பதில் அவருக்கு ராசி இல்லை போல!)

ஸ்வெட் வழக்குப் போட்டார். "தனியாக இருந்தாலும் சமமாக இருந்தால் போதும்" என்று 1896ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்த காலம் அது. டெக்சாஸில் கறுப்பர்களுக்கு ஒரு சட்டக் கல்லூரிகூடக் கிடையாது. நீதிபதி என்ன செய்தார் தெரியுமா? ஸ்வெட்டைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. புதிதாக ஒரு கல்லூரி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று மாநில அரசுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்! 1947 மார்ச்சில் ஆஸ்டினில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தை வாடகைக்குப் பிடித்து "கல்லூரி" திறந்தார்கள். அதற்கென்று தனி ஆசிரியர் யாரும் இல்லை, வெள்ளையர் கல்லூரி ஆசிரியர்களே வந்து பாடம் நடத்துவதாக ஏற்பாடு. ஸ்வெட் அங்கே சேர மறுத்துவிட்டார்.

வழக்கு உச்ச நீதிமன்றம் போய்ச் சேர்வதற்குள், கறுப்பர்களுக்கான கல்லூரி ஓரளவு வளர்ந்திருந்தது. 5 முழுநேரப் பேராசிரியர்கள், 23 மாணவர்கள், 16,500 புத்தகங்கள். வெள்ளையர் கல்லூரியில் 16 முழுநேரப் பேராசிரியர்கள், 850 மாணவர்கள், 65,000 புத்தகங்கள். இந்தக் கணக்கை வைத்தே தீர்ப்பு எழுதியிருக்கலாம். ஆனால் அப்படி எழுதியிருந்தால், இன்னும் கொஞ்சம் புத்தகம் வாங்கி அடுக்கிவிட்டு "இப்போது சமம்தானே" என்று மாநில அரசு மறுபடி வந்து நின்றிருக்கும். ஸ்வெட்டுக்காக வாதாடிய தர்குட் மார்ஷல் தரப்புக்கு இது நன்றாகத் தெரியும். பிரிப்பதே சமமின்மை என்பதுதான் அவர்கள் வாதம்.

1950 ஜூன் 5 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். பழைய மாணவர்களின் செல்வாக்கு, கல்லூரியின் பெயர், மரபு இதையெல்லாம் எண்ணி அளக்க முடியாது என்றார்கள். நாளை வக்கீலாகப் போகிறவர் சந்திக்கப்போகும் நீதிபதிகளும் ஜூரிகளும் சாட்சிகளும் பெரும்பாலும் மக்கள்தொகையில் 85 சதவீதமான மற்றவர்கள். அவர்களை விலக்கி வைத்துவிட்டு எப்படிச் சட்டம் கற்றுக்கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். 1896 தீர்ப்பை ரத்து செய்யவில்லை, ஆனால் அதன் அடியில் இருந்த மண்ணை அள்ளிவிட்டார்கள்.

ஸ்வெட் அந்த ஆண்டே சேர்ந்தார். படிப்பை முடிக்க முடியவில்லை. மிரட்டல்கள், உடல்நலக் கேடு, முறிந்துபோன திருமணம்... 1952ல் வெளியேறினார். பிறகு அட்லாண்டாவில் சமூகப்பணி படித்து அந்தத் துறையிலேயே வேலை பார்த்தார். 1982ல் காலமானார்.

கதவு திறந்ததும் கூட்டம் உள்ளே வந்துவிடவில்லை. 1971ல் சேர்ந்த முதலாண்டு வகுப்பில் ஒரு கறுப்பின மாணவர்கூட இல்லை. அதற்குப் பிறகுதான் அதே கல்லூரி வேறொரு "தனி" ஏற்பாட்டுக்கு வந்தது. 1992 சேர்க்கையில் கறுப்பின, மெக்சிக அமெரிக்க விண்ணப்பங்களைப் பார்க்கத் தனியாக ஒரு துணைக்குழு இருந்தது. காத்திருப்போர் பட்டியலும் தனி. பட்டப்படிப்பு மதிப்பெண்ணையும் நுழைவுத்தேர்வையும் கலந்து ஒரு எண் போடுவார்கள். வெள்ளையருக்கு 199 இருந்தால் கிட்டத்தட்ட இடம் உறுதி, இவர்களுக்கு 189.

இடம் கிடைக்காத ஹாப்வுட் என்ற வெள்ளைப் பெண்ணும் இன்னும் மூவரும் வழக்குத் தொடர்ந்தார்கள். 1947ன் அடித்தளமும் 1992ன் துணைக்குழுவும் ஒன்றா? நிச்சயமாக இல்லை. முதலாவது ஒருவரை வகுப்புக்கு வெளியே வைக்க, இரண்டாவது வகுப்புக்குள் கொண்டுவர. ஆனாலும் 1994ல் மாவட்ட நீதிபதி ஸ்பார்க்ஸ் சுட்டிக்காட்டிய குறை சரியானதுதான். இரண்டு குவியல்களில் இருக்கும் விண்ணப்பங்கள் ஒரே மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வரவே இல்லை என்றால் ஒப்பீடு எங்கே நடந்தது? இனத்தைக் கணக்கில் எடுக்கலாம், ஆனால் தனி நடைமுறை செல்லாது என்று சொல்லி, ஆளுக்கு 1 டாலர் நஷ்டஈடு கொடுத்தார். நியாயமான நடுவழி.

மேல்முறையீட்டில் அந்த வழியும் அடைபட்டது. 1996ல் ஐந்தாவது வட்டார நீதிமன்றம், சட்டக் கல்லூரி சேர்க்கையில் இனத்தையே பார்க்கக்கூடாது என்றது. அடுத்த ஆண்டு முதலாண்டு வகுப்பில் சேர்ந்த கறுப்பின மாணவர்கள் 4 பேர்.

2003ல் மிச்சிகன் சட்டக் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், தனிப் பட்டியலோ ஒதுக்கீடோ இல்லாமல் இனத்தையும் ஒரு அம்சமாகப் பார்க்கலாம் என்று 5-4ல் சொன்னது. 2023ல் ஹார்வர்ட் வழக்கில் அதுவும் முடிந்தது. இன்று நிறத்தை நிறமாகக் கணக்கில் எடுக்க முடியாது. அந்த நிறத்தால் தன் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று விண்ணப்பதாரர் கட்டுரையில் எழுதினால், அதைக் கல்லூரி படித்துப் பார்க்கலாம்.