தட்டியிருந்தா கை தப்பியிருக்கும்: கிமுரா பூட்டின் கதை

1/ 1951 அக்டோபர் 23. ரியோ டி ஜெனிரோ, மரக்கானா அரங்கம். ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா, தன்னைவிட எடை குறைந்த ஹீலியோ கிரேசியின் கையை முதுகுப் பக்கமா முறுக்குறார். எலும்பு முறியுது. ஹீலியோ தோல்வியை ஒத்துக்கல. அண்ணன் கார்லோஸ்தான் துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தினார். வென்றவர் பெயரையே தோற்ற குடும்பம் அந்தப் பூட்டுக்கு வச்சுது: கிமுரா.

2/ பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் இதை 'ஹாஃப் கார்ட்' நிலையிலிருந்தும் போடுவாங்க. கீழே கிடப்பவர், மேலே இருப்பவரின் ஒரு காலைத் தன் இரண்டு கால்களுக்கு நடுவே பூட்டிக்கிறார். ஒரு கையால் எதிராளியின் மணிக்கட்டைப் பிடிக்கிறார். இன்னொரு கையை அவர் மேல்கையைச் சுற்றிக் கொண்டுவந்து, தன் மணிக்கட்டையே பிடிக்கிறார். இடுப்பை நகர்த்திக்கிட்டு, மடங்கிய அந்தக் கையை முதுகுப் பக்கமா மேலே தள்ளணும். கால் மாட்டியிருப்பதால், எதிராளி உருண்டு தப்புவது கஷ்டம்.

3/ தோள் ஏன் தாங்காது? தோள்மூட்டுக் குழி ஆழமில்லை. சின்னத் தட்டில் வச்ச எலுமிச்சம்பழம் மாதிரி. அதனாலதான் கை இவ்வளவு சுழலுது. எல்லை தாண்டினா, மூட்டுறை கிழியலாம். இல்லைன்னா துணி பிழியற மாதிரி முறுகி மேல்கை எலும்பு உடையலாம். அந்த எலும்பை ஒட்டிப் போற ரேடியல் நரம்பு அடிபட்டா, மணிக்கட்டைத் தூக்க முடியாது. வலி தெரிஞ்ச பிறகு கிடைக்கும் நேரம் ரொம்பக் குறைவு.

4/ 1976 டிசம்பர், கராச்சி. காமா பயில்வானின் தம்பி இமாம் பக்ஷின் மகன் அக்ரம், ஜப்பானின் அன்டோனியோ இனோகியோட மோதினார். அதே வகைப் பூட்டு. அவரும் பணியல. கை போச்சு, ஆட்டமும் போச்சு.

5/ நம்ம ஊர்க் கதை இன்னும் பழசு. புறநானூறு 80-ஆம் பாட்டில் சாத்தந்தையார், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோட பொருததைப் பாடுறார். ஒரு கால் மல்லன் மார்பில், இன்னொரு கால் முதுகுப் பக்கம்னு கால்களைத்தான் கவனிச்சுச் சொல்றார். மல்லனைக் கொன்று நின்றான்னு பாட்டின் அடிக்குறிப்பு. பணிந்து எழுந்து வீட்டுக்குப் போக அங்கே வழியில்லை.

6/ இன்னைக்கு இருக்கு. எதிராளி உடம்பிலோ தரையிலோ இரண்டு தட்டு, பிடி விடணும். அதுதான் இந்த விளையாட்டைத் தினமும் ஆட முடியறதா ஆக்குது. பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோரே, பூட்டுக்கு முன்னாடி தட்டக் கத்துக்கொடுக்கறாங்களான்னு பாருங்க. தட்டறது அவமானம்னு சொல்ற இடம் வேண்டாம்.

7/ கடைசியா ஒண்ணு. பயிற்சியில் ஆனாலும் சரி, ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கிலிருந்து விழுந்தாலும் சரி, தோள் விலகினா யாரும் இழுத்துப் போடாதீங்க. உள்ளே எலும்பு உடைஞ்சிருக்கலாம், நரம்பு சிக்கியிருக்கலாம். துண்டால் கையை மார்போடு கட்டி, ஆஸ்பத்திரிக்கு வாங்க. எக்ஸ்ரே பார்த்துட்டு நாங்க போடறோம்.