கனோசா கோட்டை வாயிலில் மூன்று நாட்கள்

பதினோராம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பல நாடுகளில் ஆயர் பீடங்கள் விலை பேசப்பட்டன. அரசன் தனக்கு வேண்டியவனை அழைத்து, மோதிரத்தையும் ஆயர் கோலையும் தன் கையாலேயே கொடுத்தான். பணம் கொடுத்துப் பதவிக்கு வந்தவன், கீழுள்ள பட்டங்களை விற்றுத்தானே போட்ட முதலை எடுப்பான்? மந்திரவாதி சீமோன் அப்போஸ்தலர்களிடம் நீட்டிய காசு, ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் செல்லுபடியாகிக் கொண்டிருந்தது.

இந்நிலையில்தான் 1073-ம் ஆண்டு இல்டபிராண்டு என்ற துறவி, ஏழாம் கிரகோரியார் என்ற பெயருடன் பாப்பரசரானார். முந்திய பாப்பரசரின் அடக்கச் சடங்கின்போதே ரோமை மக்கள் இவர்தான் வேண்டுமென்று குரலெழுப்பினர். அன்று அவர் தியாக்கோன் மட்டுமே. குருப்பட்டம் பெற்றது அதன் பிறகுதான்!

1074-ம் ஆண்டுத் தவக்காலச் சங்கத்தில், பட்டத்தை விலைக்கு வாங்கியவன் பீடம் ஏறலாகாது, குருக்கள் பிரமச்சரியம் காக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். மறு ஆண்டு, அரசர் கையால் ஆயர் பதவி பெறுவதையும் தடுத்தார். பகைவர் பெருகினர். அவ்வாண்டு கிறிஸ்மஸ் இரவில் பூசை செய்துகொண்டிருந்தவரைச் சென்சியுஸ் என்ற பிரபு பீடத்திலிருந்தே இழுத்துச் சென்று அடைத்து வைத்தான். மக்கள் திரண்டு மீட்டனர். அவரோ கோவிலுக்குத் திரும்பி, நின்றுபோன பூசையை முடித்தார்.

ஜெர்மானிய அரசன் நான்காம் ஹென்றி 1076-ல் பாப்பரசரையே பதவியிலிருந்து விலக்கியதாக அறிவித்தான். பாப்பரசர் அவனைச் சபைநீக்கம் செய்தார். பிரபுக்கள் அவனைக் கைவிடத் தொடங்கினர். 1077 ஜனவரியில், கடும் பனியில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, மத்தில்தா சீமாட்டியின் கனோசா கோட்டைக்கு வந்தான் ஹென்றி. வெறுங்காலுடன், கம்பளி உடையில், மூன்று நாள் வாயிலில் நின்றான்.

உள்ளே இருந்தவருக்கு அது எத்தகைய சோதனை! மன்னித்தால் அவனுடைய அரசு மீளும். பிரபுக்கள் கோபம் கொள்வர். அவன் கண்ணீர் மெய்யோ, வேடமோ, யார் அறிவார்? பாவசங்கீர்த்தனம் கேட்க அமரும் நாமெல்லாம் இந்தச் சங்கடத்தைச் சிறிய அளவிலேனும் அறிவோம். தம்மைச் சூழ்ந்திருந்தவர்களே இது கொடுமை என்று முறையிட்டதாகப் பாப்பரசர் தம் கடிதமொன்றில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். முடிவில் மன்னித்தார். அரசியல் கணக்கில் அது நஷ்டமே. குரு என்ற முறையில் அவருக்கு வேறு வழியில்லை என்றே நமக்குப் படுகிறது.

மன்னிப்புப் பெற்றவன் மீண்டும் எதிர்த்தான். 1080-ல் மறுபடி சபைநீக்கம். 1084-ல் ரோமையே அவன் வசமாயிற்று, போட்டிப் பாப்பு ஒருவர் அரியணை ஏறினார். கிரகோரியாரை மீட்க வந்த நோர்மானியர் நகரைச் சூறையாடினர். அவர்களை அழைத்தது பெரும் பிழையே. ரோமை மக்களின் வெறுப்பை அவரே தேடிக்கொண்டார். முன்பு தம்மை மீட்ட அதே மக்கள் நடுவில் தங்க முடியாமல் சலேர்னோ சென்று, 1085 மே 25-ல் அங்கேயே உயிர் துறந்தார். தோற்றவராகவே இறந்தார்.

முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1122-ல் வோர்ம்ஸ் நகர உடன்படிக்கையில், மோதிரமும் ஆயர் கோலும் கொடுக்கும் உரிமையை விட்டுக்கொடுத்த பேரரசன், அந்த ஹென்றியின் சொந்த மகன்.