ஊர் கூடிச் சோலார் போடலாமா? அவலாஞ்சி, எமரால்டு பகுதி விவசாயிகள் கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியவை



அவலாஞ்சி, எமரால்டு அணைகளின் தண்ணீர் குந்தா நீர்மின் திட்டத்தில் பல மின் நிலையங்களை ஓட்டுகிறது. அணைக்கு மேலே கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு பயிரிடுபவரோ ஓடைத் தண்ணீரை ஏற்ற டீசல் வாங்கிச் சுமக்கிறார். "நாலு பேர் சேர்ந்து சோலார் போட்டால் கட்டுப்படியாகுமா?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் உங்கள் பணமும் நிலமும் 25 ஆண்டுகளுக்குக் கட்டுப்படும் என்பதால், நிதானமாகப் படியுங்கள்.

கூட்டுச் சோலார் என்றால் என்ன?

நல்ல வெயில் விழும் ஓர் இடத்தில் பொதுவாகப் பேனல் அமைத்து, கிடைக்கும் மின்சாரத்தை அல்லது அதன் வருமானத்தைப் பங்கின்படி பிரித்துக்கொள்வதே கூட்டுச் சோலார். கூரை சரியில்லாதவர், நிழலில் வீடு உள்ளவர், குத்தகைக்குப் பயிரிடுபவர் என்று தனியாகப் பேனல் போட முடியாதவர்களும் இதில் சேரலாம். தரிசு நிலம் வைத்திருப்பவருக்கு வாடகை கிடைக்கும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 2013ல் இதற்கென்றே சட்டம் கொண்டு வந்தது.

ஓடந்துறை காட்டிய வழி

மலைக்குக் கீழே மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, 2006ல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. செலவு ரூ.1.55 கோடி. ஊராட்சியின் சேமிப்பு போக மீதிக்கு வங்கிக் கடன் பெற்றார்கள். ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் உற்பத்தி. ஊராட்சியின் தேவையோ சுமார் 4.5 லட்சம் யூனிட். மிச்சத்தை மின் வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்தில் கடனை அடைத்தார்கள்.

அந்தக் காற்றாலை இருப்பது ஓடந்துறையில் அல்ல, உடுமலைப்பேட்டை பக்கம். காற்று எங்கே நன்றாக வீசுகிறதோ அங்கே வைத்தார்கள். மேகமும் மூடுபனியும் உள்ள நம் பகுதிக்கு இது முக்கியமான பாடம். பேனல் நம் ஊரிலேயே இருந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை.

குஜராத்தின் துண்டி கிராமம்

கேடா மாவட்டத்தில் உள்ள துண்டி கிராமத்தில் 2015-16ல் ஆறு விவசாயிகள் சேர்ந்து சோலார் பம்பு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். எல்லாப் பம்புகளின் பேனலும் சேர்ந்து 56.4 கிலோவாட். பாசனம் போக மீதி மின்சாரத்தை யூனிட் ரூ.4.63 வீதம் 25 ஆண்டுகள் வாங்க மின் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. பாசனம் இல்லாத மாதங்களிலும் வருமானம் வந்தது. பதிலுக்கு, மானிய விலையில் மின் இணைப்புக் கேட்கும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. இலவச மின் இணைப்புக்குப் பதிவு செய்து காத்திருப்பவர்கள், தங்கள் வரிசை என்னவாகும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே எதிலும் சேருங்கள்.

நம் மலையில் எவ்வளவு மின்சாரம் வரும்?

சமவெளியில் 1 கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். நம் பகுதியில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வாரக்கணக்கில் வெயில் முகம் தெரியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அதேசமயம் குளிர் நமக்குச் சாதகம். பேனலின் வெப்பம் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். ஆகவே டிசம்பர் முதல் மார்ச் வரை, பனி விலகிய பிறகு நம் பேனல்கள் நன்றாக வேலை செய்யும். பாசனம் தேவைப்படுவதும் அதே மாதங்களில்தான்.

கணக்குப் போடும்போது ஆண்டுக்கு 1 கிலோவாட்டுக்கு 1,200 யூனிட் என்று குறைத்தே வையுங்கள். 10 கிலோவாட் அமைப்புக்கு நிழலில்லாத 1,000 சதுர அடி வேண்டும். 12,000 யூனிட் வரும். 5 சதவீதப் பங்குள்ளவருக்கு 600 யூனிட். இதை உங்கள் ரசீதில் உள்ள யூனிட் விலையால் பெருக்கினால், செலவைக் கழிக்கும் முன் உங்களுக்கு மிச்சமாகும் தொகை தெரிந்துவிடும்.

யாருக்கு லாபம், யாருக்கு இல்லை?

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். உங்கள் வீட்டின் செலவு அதையொட்டியே இருந்தால், வீட்டுக்காகப் பணம் போட வேண்டாம். விவசாய இலவச மின் இணைப்பு இருப்பவருக்கும் மிச்சமாவது ஒன்றுமில்லை.

உண்மையான லாபம் இங்கேதான்:

• டீசல் பம்பை நம்பியிருக்கும், ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கும் சிறு விவசாயிகள்
• கேரட் கழுவும் இயந்திரம், காய்கறி தரம் பிரிக்கும் கூடம், குளிர்பதன அறை
• ஊர்ப் பொதுக் குடிநீர் மோட்டார், தெருவிளக்கு
• கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை

கேரட் கழுவுவது பெரும்பாலும் இரவிலும் அதிகாலையிலும். அப்போது பேனல் வேலை செய்யாது. பகலில் மின் வாரியக் கம்பிக்கு அனுப்பி, இரவில் எடுத்துக்கொள்ள வேண்டும். கொடுத்த யூனிட்டை எடுத்த யூனிட்டில் கழிப்பது ஒரு முறை. கொடுத்ததற்குக் குறைந்த விலை போட்டு, எடுத்ததற்கு முழு விலை வாங்குவது இன்னொரு முறை. வீட்டு இணைப்புக்கும் வணிக இணைப்புக்கும் விதி வேறு. உங்கள் இணைப்புக்கு எது பொருந்தும், ஓரிடத்து உற்பத்தியைப் பல மீட்டர்களில் கழிக்க அனுமதி உண்டா என்று மின் வாரிய உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அரசுத் திட்டங்கள்

பி.எம். குசும் (2019): தனிச் சோலார் பம்புக்கு மத்திய அரசு 30 சதவீத மானியமும் அதனுடன் மாநில அரசு மானியமும் அறிவிக்கப்பட்டன. வேளாண் பொறியியல் துறையை அணுகவும். இதே திட்டத்தின் மற்றொரு பிரிவில் விவசாயிகள், கூட்டுறவுகள், ஊராட்சிகள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை அமைக்க வழி செய்யப்பட்டது. 1 மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர் தேவை.

பி.எம். சூர்ய கர் (2024): வீட்டுக் கூரைக்கு 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு ரூ.30,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் மொத்தம் ரூ.78,000. குடியிருப்போர் நலச் சங்கங்களின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு ரூ.18,000.

நிலம் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

சரிவான நிலம், ஓடைக்கரை, சதுப்பு நிலம் வேண்டவே வேண்டாம். மண்சரிவில் பேனலோடு கீழேயுள்ளவர் தோட்டமும் போகும். விளையும் தேயிலையைப் பிடுங்கிப் பேனல் வைக்காதீர்கள். காட்டெல்லையை ஒட்டிய நிலமானால் வனத்துறையிடம் முன்கூட்டியே கேளுங்கள். காட்டெருமை வரும் வழியை அடைக்காதீர்கள். குத்தகைப் பத்திரத்தில் வாடகை உயர்வு, இடையில் நிறுவனம் போய்விட்டால் பேனலை அகற்றும் பொறுப்பு இரண்டும் இருக்க வேண்டும்.

கூட்டு உடையாமல் இருக்க

கூட்டாக வாங்கிய பம்புகள் பழுதாகி, யார் பணம் போடுவது என்ற சண்டையில் துருப்பிடித்துக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். பேனல் 25 ஆண்டு உழைக்கும்; இன்வெர்ட்டரை இடையில் ஒருமுறையாவது மாற்ற வேண்டிவரும். ஆகவே:

• சங்கமாகவோ உற்பத்தியாளர் நிறுவனமாகவோ பதிவு செய்யுங்கள்.
• பங்கு, தண்ணீர் முறை, வெளியேறுபவருக்குத் தரும் தொகை ஆகியவற்றை முதலிலேயே எழுதுங்கள்.
• முதல் மாதத்திலிருந்தே பராமரிப்புக்கென்று தனி வங்கிக் கணக்கில் பணம் சேருங்கள்.
• இடிதாங்கியும் காப்பீடும் இல்லாமல் தொடங்காதீர்கள்.
• குத்தகைதாரரையும் உறுப்பினராக்குங்கள். தண்ணீர் பாய்ச்சுபவர் அவர்தான்.

முதல் வேலையாக, சேர விரும்பும் குடும்பங்கள் கடந்த ஓராண்டு மின் ரசீதுகளையும் டீசல் செலவுக் கணக்கையும் எடுத்துக்கொண்டு ஒருநாள் உட்காருங்கள். கூட்டிப் பார்க்கும் தொகை சிறிதாக இருந்தால் அத்தோடு விட்டுவிடலாம். பெரிதாக இருந்தால், அந்தத் தாளோடு உதகை வேளாண் பொறியியல் துறை அலுவலகத்துக்கும் மின் வாரிய அலுவலகத்துக்கும் செல்லுங்கள். விற்பனையாளரை அதற்குப் பிறகு கூப்பிட்டால் போதும்.